கை தட்டினால் திரும்புகிறாளா

12 ஜனவரி 2024

அன்புள்ள வைஷ்ணவிக்கு,

பூவரசன் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், கை கால் பத்திரமாக இருக்கிறது. நீயும் பிள்ளையும் அண்ணன் வீட்டாரும் சுகம்தானே.

நான் சிறையில் இருப்பது மீனவர் சங்கத்துக்காரர்கள் மூலம் இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். அரபு முதலாளியின் படகு எல்லையைத் தாண்டிவிட்டது. வலை இழுக்கிற மும்முரத்தில் எங்களுக்கு எல்லை தெரியவில்லை, பக்கத்து நாட்டுக் காவல் படகுக்குத் தெரிந்தது. நவம்பர் ஆறாம் தேதி ஆறு பேரையும் பிடித்தார்கள். ஃபோனைப் பிடுங்கிவிட்டார்கள். பிள்ளை பிறந்த மறுநாள் நீ அனுப்பிய போட்டோ அதில்தான் இருக்கிறது. இங்கே மாதம் ஒரு கடிதம், இரண்டு தாள். தூதரகத்துக்காரர் வாங்கிப் போய் சங்கத்துக்கு அனுப்புவார். நீ எழுதுவதும் இரண்டு தாளுக்குள் அதே வழியில் வரவேண்டும். போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம்.

என்கூட எண்ணூர் தானியேல் அண்ணன் இருக்கிறார். மூன்று பிள்ளை வளர்த்தவர். இந்த மாதம் பிள்ளை இதைச் செய்யும், அடுத்த மாதம் அதைச் செய்யும் என்று ஜோசியக்காரர் மாதிரி சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் சுவரில் ஸ்பூன் காம்பால் கோடு போட்டு வைக்கிறேன். அதனால் நீ ஒன்றுவிடாமல் எழுது. தும்மினால்கூட எழுது.

பிள்ளைக்கு நிவேதா என்று பேர் வை. காதில் மூன்று தரம் கூப்பிடும்போது, ஒரு தரம் எனக்காகச் சத்தமாகக் கூப்பிடு.

மூன்றாம் நாள் அண்ணன் ஃபோன் பண்ணியபோது பிள்ளை உடம்பு மஞ்சளாக இருக்கிறது என்றாரே, அது போய்விட்டதா? நான் கண்ணால் பார்க்காத இன்னொன்று, அண்ணன் வாங்கி நிறுத்தியிருக்கிற நம் புதுப் படகு. வெயிலில் போடாமல் ஓலை போட்டு மூடச் சொல்.

இப்படிக்கு,
பூவரசன்


27 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வைஷ்ணவி வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சோறு போடுகிறார்களா, ரொட்டிதானா?

உங்கள் கடிதத்தைச் சங்கத்துப் பிரசாந்த் ஆரம்பாக்கத்திலிருந்து படகேறி, ஏரி நடுவே நம் திட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். உங்கள் அண்ணன், பெரிய மாமா, “பிரிம்மா, வெடிச்சிடாது” என்றார். அப்புறம்தான் பிரித்தேன்.

பேர் வைத்தாயிற்று. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற கஸ்தூரியம்மாள் மடியில் போட்டுத்தான் வைத்தோம். அவள் நமக்கு என்ன உறவு என்று கேட்காதீர்கள், எனக்கு அப்படித் தோன்றியது. உங்கள் பங்கை நான் சத்தமாகத்தான் கூப்பிட்டேன்.

பிள்ளை போன வாரம் தன் கையைக் கண்டுபிடித்தாள். யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பிறகு முழுக் கையையும் வாயில் திணிக்கப் பார்க்கிறாள். உங்கள் பேராசை அப்படியே வந்திருக்கிறது. காலையில் ஏரித் தண்ணீரில் பட்ட வெயில் கூரைத் தகட்டில் ஆடுகிறதில்லையா, அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். என் முகத்தைக் கண்டால் சிரிக்கிறாள். பேசினால் என் வாயையே பார்க்கிறாள். தலையில் ஒரு பக்கம் முடி குறைவு. வளர்ந்துவிடும்.

மஞ்சள் போய்விட்டது. படகு ஓலைக்கு அடியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வைஷ்ணவி


30 மார்ச் 2024

அன்புள்ள வைஷ்ணவிக்கு,

நான் சுகம். உன் கடிதம் நேற்று வந்தது. எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பேராசை என்று எழுதிய இடத்தில் போட்ட சிரிப்பில் காவல்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

தானியேல் அண்ணன் கணக்குப்படி இதற்குள் கழுத்து நின்றிருக்க வேண்டும். அடுத்தது கவிழ்வாள். அப்புறம் சத்தம் வந்த பக்கம் திரும்புவாள். அதை எப்படிச் சோதிப்பது என்றும் சொன்னார். பிள்ளை வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கை தட்ட வேண்டும். முன்னால் நின்று தட்டினால் கையைப் பார்த்துவிடும், அது கணக்கில் வராது. தட்டிப் பார்த்து எழுது. சுவரில் அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

மஞ்சள் போய்விட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். எத்தனாம் நாள் போனது? கண்ணில் இருந்ததும் போய்விட்டதா?

எங்கள் வழக்குக்கு இன்னும் தேதி போடவில்லை. அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
பூவரசன்


8 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்துக்கு அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

பிள்ளைக்குக் கழுத்து நின்றுவிட்டது. கவிழ்ந்தும்விட்டாள். கவிழ்ந்ததும் கை அடியில் மாட்டிக்கொள்ள, எடுக்கத் தெரியாமல் கோபமாகக் கத்தினாள். எதிர்வீட்டு ஐஸ்வர்யாவின் பையன் வேணுவும் இப்போது இதையெல்லாம் செய்கிறான். அவன் நம் பிள்ளைக்கு நாலு நாள் இளையவன். இரண்டையும் ஒரே பாயில் போட்டால் அவள் அவன் மூக்கைப் பிடிக்கிறாள். எதைத் தொட்டாலும் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். மணல், வலை, நண்டு ஓடு, என் கழுத்து, எதையும் விடுவதில்லை.

சித்திரைத் திருவிழா நன்றாக நடந்தது. இந்த வருஷம் வாணவேடிக்கை அதிகம். நம் வீட்டுப் பக்கத்திலேயே வெடி வைத்தார்கள். ஊரில் உள்ள கைப்பிள்ளைகள் எல்லாம் அலறின, வேணுவுக்கு மூச்சே நின்றுவிடும் போல ஆகிவிட்டது. நம் பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கண் இமைகூட அசையவில்லை. சரியான தைரியசாலி என்று எல்லோரும் சொன்னார்கள்.

தாள் முடியப்போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வைஷ்ணவி


14 ஜூன் 2024

அன்புள்ள வைஷ்ணவிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

தாள் முடியப்போகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டாவது தாளில் பாதி வெறுமையாக இருந்தது.

கை தட்டினாயா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மஞ்சள் எத்தனாம் நாள் போனது என்பதற்கும் பதில் இல்லை. வாணவேடிக்கையைப் பற்றி நீ எழுதியதைத் தானியேல் அண்ணனிடம் படித்தேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, வெகுநேரம் வேறென்னவோ பேசினார்.

எனக்கு இங்கே செய்வதற்கு வேலை எதுவும் இல்லை, வைஷ்ணவி. நாள் முழுக்க உன் கடிதத்தைத்தான் படிக்கிறேன். பின்னால் நின்று தட்டு. திரும்புகிறாளா, இல்லையா?

இப்படிக்கு,
பூவரசன்


21 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கை தட்டினேன். திரும்பினாள்.

மூன்று தரம் தட்டினேன், மூன்று தரமும் திரும்பினாள். பெரிய மாமா தட்டினாலும் திரும்புகிறாள். பேர் சொன்னால் சிரிக்கிறாள். காக்கை கத்தினால் கையை நீட்டுகிறாள். படகு எஞ்சின் சத்தம் கேட்டால் வாசலைப் பார்க்கிறாள், யாரையோ எதிர்பார்க்கிறவள் மாதிரி. உட்காருகிறாள். தவழவும் பார்க்கிறாள். முந்தாநாள் “நைனா” என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே சொன்னாள்.

மஞ்சள் பத்தாம் நாள் போய்விட்டது. இனிமேல் அதைக் கேட்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வைஷ்ணவி


25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வைஷ்ணவிக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. நைனா என்றாள் என்கிற வரியைச் சுவரில் எழுதிவிட்டேன்.

ஒரு நல்ல சேதி. வயதையும் சர்க்கரை வியாதியையும் பார்த்துத் தானியேல் அண்ணனை மட்டும் விடுகிறார்கள். எங்களுக்கு எப்போது என்று தெரியவில்லை. அண்ணன் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக நம் திட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, எனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பை கொடுத்துவிட்டேன். தகர டப்பாவைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, உள்ளே பேரீச்சங்கொட்டை போட்டு நானே செய்தது. நல்ல சத்தம் வரும். இரண்டு அறை தள்ளி இருப்பவனுக்கும் கேட்கிறது என்றார்கள்.

இப்படிக்கு,
பூவரசன்


6 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பிள்ளையும் நானும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதும் பழக்கத்தை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன்.

தானியேல் அண்ணன் போன வியாழக்கிழமை வந்தார். பிள்ளை என் மடியில் இருந்தாள். அவர் பையிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று ஆட்டினார். பிள்ளை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் பலமாக ஆட்டினார். தெருவில் போன நாய் திரும்பிப் பார்த்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எப்பலேர்ந்து தெரியும்மா?”

“திருவிழா அன்னிலேர்ந்துண்ணா.”

“அவனுக்கு இன்னா எழுதின?”

“திரும்பறான்னு எழுதினேன்.”

“நான் கடுதாசி போட்டா நெசத்ததான் போடுவேன். பத்து மாசம் ஒரே தட்டுல துன்னவங்க நாங்க. நீயே எழுதிடும்மா. உன் கையால போறதுதான் நாயம்.”

அதனால் எழுதுகிறேன். நிவேதாவுக்கு இரண்டு காதும் கேட்காது. கழுத்து ஜூலையில்தான் நின்றது. இன்னும் சாய்த்து வைத்தால்தான் உட்காருகிறாள். கவிழ்ந்ததும் திரும்பியதும் நைனா என்றதும் எதிர்வீட்டு வேணு. அவன் செய்ததையெல்லாம் பார்த்துப் பார்த்து உங்களுக்கு எழுதினேன். கையைக் கண்டுபிடித்ததும், உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதும் நம் பிள்ளை. அவை பொய்யில்லை.

தேதிக்கு இருபது நாள் முன்னால் வீட்டிலேயே பிறந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் நர்ஸம்மா ஃபோனில், உடனே ஆரம்பாக்கத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றார். தீட்டுக்காரியைப் புதுப் படகில் ஏற்றலாமா என்று பெரிய மாமா உங்களைக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் உள்ளே பாயில் படுத்திருந்தேன். “புதுப் படகுண்ணா. பதினோரு நாள் போவட்டும். மஞ்சள் எல்லாக் கொழந்தைக்கும் வர்றதுதான். வெயில்ல காட்டச் சொல்லு” என்றீர்கள்.

நீங்கள் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. பிள்ளை பெற்றவள் பதினோரு நாள் படகிலும் வலையிலும் கால் வைக்கக்கூடாது, வைத்தால் மீன் படாது என்பது நம் திட்டில் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். நம் படகு கரையில் நிற்கும்போது வேறு யார் படகைக் கேட்பது? வெயிலில் காட்டவும் வெயில் இல்லை. அந்த வாரம் முழுக்க மழை.

ஏழாம் நாள் காலையில் பால் இறங்கவில்லை. உடம்பு பின்பக்கமாக வளைந்து விறைத்தது. அழுகை பூனைக் குரல் மாதிரி இருந்தது. கஸ்தூரியம்மாள் வந்து பார்த்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். “எம் படகு ஓட்டப் படகுடி. அதுக்கு இன்னா தீட்டு. ஏறு” என்றாள். மூன்று மணி நேரம் கழி போட்டுத் தள்ளினாள். நான் பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் தண்ணீர் இறைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் ரத்தத்தையே மாற்றினார்கள். இருபத்திரண்டு நாள் இருந்தோம். ஊசி ஏற்ற வழித்த இடத்தில்தான் முடி குறைவு. மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் விளக்கு வெளிச்சத்தில் படுக்கவைத்தே சரிசெய்திருப்போம், இப்போது மஞ்சள் மூளைவரை போய்விட்டது என்றார் டாக்டர். மே மாதம் சென்னைக்கு ரயிலில் கொண்டுபோய்க் காதைச் சோதித்தோம். மிஷின் வைத்தாலும் கேட்குமா என்று அவர்களுக்கே உறுதியில்லை. பெரிய மாமா அன்றிலிருந்து அந்தப் படகைத் தொடவில்லை. அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார்.

உங்களைக் காப்பாற்றத்தான் பொய் எழுதுகிறேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீங்கள் ஃபோனில் சொன்னபோது நானும் அதுதான் சரி என்று நினைத்தேன், மாமா. படகு வாசலிலிருந்து நாற்பது அடியில் நின்றது. நான்கு நாள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நீங்கள் சொன்னதை எழுதினால் நான் கிடந்த கிடப்பையும் எழுத வேண்டும். அதற்குப் பயந்தேன்.

இப்படிக்கு,
வைஷ்ணவி


15 டிசம்பர் 2024

அன்புள்ள வைஷ்ணவிக்கு,

உன் கடிதம் நவம்பர் மாதமே வந்துவிட்டது. அந்த மாதத் தாளை வாங்கி வைத்திருந்து, எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த அன்று நான் சாப்பிடவில்லை.

எனக்கு முன்பே தெரியும். பிடிபட்ட முதல் வாரமே தானியேல் அண்ணனிடம், மஞ்சள் வந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். தன் தங்கை பிள்ளைக்கு முற்றிப்போய்க் காது போனதைச் சொன்னார். நான் ஃபோனில் சொன்ன வார்த்தையை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் நேராகக் கேட்க வாய் வரவில்லை. மஞ்சள் போச்சா, தட்டினாயா, திரும்பினாளா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். வாணவேடிக்கையைப் பற்றிப் படித்ததுமே புரிந்துவிட்டது.

புரிந்த பிறகும் ஏன் கேட்டேன் என்றால், நீ பொய்யாவது எழுதமாட்டாயா என்கிற ஆசையில்தான். எழுதினாய். அந்தத் தாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் ஒரு மாதம் தூங்கினேன். அதுவும் போதாமல் கிலுகிலுப்பையைக் கொடுத்து அண்ணனை அனுப்பினேன். அது பிள்ளைக்கு இல்லை. உன்னை வேவு பார்க்கத்தான்.

சுவரில் எழுதியது தேய்த்தாலும் போகவில்லை. நைனா என்கிற வார்த்தை என் பாய்க்கு நேராக இருக்கிறது.

அந்தப் படகை விற்றுவிடச் சொல். வாங்க ஆள் இல்லாவிட்டால் உடைத்துப் போடச் சொல். என்னை மன்னித்தேன் என்று ஒரே ஒரு வரி எழுது, வைஷ்ணவி. வேறெதுவும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
பூவரசன்


27 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சாப்பிடாமல் கிடக்காதீர்கள், அதனால் இங்கே யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை.

படகை விற்கமாட்டேன். வாரம் ஒரு நாள் பிள்ளைக்குக் கை கால் பயிற்சி கொடுக்க ஆரம்பாக்கம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பொங்கல் கழிந்து பெரிய மாமாவிடம் போய், ஓலையை எடுங்கள் என்றேன். எடுத்தார். அன்று எனக்கு வீட்டுவிலக்கு, இரண்டாம் நாள். அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் படகில் கால் வைத்தேன். அவர் கரைக்கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எஞ்சினைப் போட்டதும் பிள்ளை விறைத்துவிட்டாள். எனக்கு அந்த ஏழாம் நாள் ஞாபகம் வந்துவிட்டது. அவள் மெல்ல என் மடியிலிருந்து சரிந்து பலகையில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு கன்னத்தைச் சாய்த்துப் பலகையோடு ஒட்டிக்கொண்டு சிரித்தாள். கரை சேர்ந்து எஞ்சினை நிறுத்தியதும் பலகையைத் தட்டித் தட்டி என்னைப் பார்த்தாள். பதினைந்தாம் மாதம் இது. உங்கள் சுவரில் இதற்குக் கோடு இருக்காது, புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். இது வேணுவுடையது இல்லை.

நீங்கள் கேட்ட வரியை எழுத மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். வரவில்லை. எனக்கே அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை, உங்களுக்கு எப்படி எழுதுவது? ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். பொய் எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்பதால் இதையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

ஆனால் விடுதலையானால் வேறெங்கும் போகாமல் நேராக இங்கே வாருங்கள். வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், அவள் திரும்பமாட்டாள். சுற்றி வந்து, அவள் முகத்துக்கு முன்னால் உட்காருங்கள்.

இப்படிக்கு,
வைஷ்ணவி